எட்டு பிட் சாட்சி

அத்தியாயம் 11

முதஸ்ஸிரின் காயலான் கடையில் மத்தியானம் ஒரு மணிக்கு இருந்த ஒரே நிழல் சொக்கம்மாள் அக்காவுடையது. அதில் பாதியை நான் ஆக்கிரமித்திருந்தேன்.

"தள்ளி நில்லு தீனா. ஏற்கெனவே வெந்துகினு கீறேன்," என்றார் அக்கா.

நிழலுக்கும் வாடகையா என்று கேட்டேன். மூன்று நாளில் நாங்கள் ஏறி இறங்கும் ஒன்பதாவது காயலான் கடை இது. வியாசர்பாடியில் ஆரம்பித்து, கொடுங்கையூர் போய், மாத்தூர் வரை அலைந்து, மறுபடி வியாசர்பாடிக்கே வந்திருந்தோம். என் ஜோக்குகளுக்கே கால் வலித்தது.

அக்கா இருபத்தேழு வருஷம் போலீஸில் இருந்தவர். முட்டி தேய்ந்ததும் ஏட்டம்மாவாகவே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் அவருடைய உதவியாளன். படிப்பு டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ். வயது முப்பத்து நாலு, களைப்பு அறுபது.

நாங்கள் தேடியது ஒரு பச்சை நிற சர்க்யூட் போர்டு. பள்ளிக்கூட சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போவதும் போகாமல் இருப்பதும் அதில்தான் இருந்தது.

அந்த மனிதர் பெயர் பீம்ராவ். காசிமேட்டுப் பக்கம் வடகரை ஐஸ் ஃபாக்டரியில் ஆபரேட்டர். அங்கே அவரும் தண்டபாணி என்பவரும் இருபத்தாறு வருஷமாக ஒரே ஷிஃப்ட். பிப்ரவரி பதினாறாம் தேதி காலை, குளிரூட்டும் அமோனியா வாயுக் குழாய் கசிந்து தண்டபாணி செத்துப்போனார். வாயு அளவு மீறினால் கன்ட்ரோல் பெட்டி மணி அடிக்க வேண்டும். அன்றைக்கு அடிக்கவில்லை. மேனேஜர் கோதண்டம் போலீஸில் ஒரே வரியில் கதையை முடித்தார்: பீம்ராவ் மணியை நிறுத்தும் பட்டனை அமுக்கிவிட்டுத் தூங்கியிருக்கிறார். கவனக்குறைவால் மரணம் என்று கேஸ் ஆனது.

வினோதம் என்னவென்றால் பீம்ராவ் அதை மறுக்கவே இல்லை. நாளை மறுநாள் கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறார். அவர் மனைவி நர்மதாதான் எங்களிடம் வந்தது. "அந்தாளு ஷிஃப்ட்ல தூங்குற ஜாதியே இல்ல யக்கா. ஆனா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. நீங்களாச்சும் தொறக்க வைங்க," என்று அழாமல் சொன்னார். அழுது முடித்துவிட்டு வந்தவர் என்று தெரிந்தது.

விபத்து நடந்த இரண்டாவது வாரமே கோதண்டம் பழைய கன்ட்ரோல் பெட்டியை உள்ளே இருந்த போர்டோடு கழற்றி எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிவிட்டார். இரண்டு வருஷமாக ஒரு பூட்டுக்கூட மாற்றாத ஆளுக்குத் திடீரென்று என்ன அவசரம் என்று அக்கா கேட்டார். எங்களிடம் இருந்த ஒரே நூல் அதுதான்.

முதஸ்ஸிர் பீடியை அணைத்துவிட்டு, நீல நிறத் தொட்டி ஒன்றைக் காட்டினார். பழைய போர்டுகளை அதிலிருக்கும் ஆசிட்டில் ஊறப்போட்டு, சிப்களின் உலோகக் கால்களில் பூசியிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுப்பார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு.

"வடகரை சரக்கு அந்த சாக்குலதான் கீது யக்கா. பயசு, நல்ல தங்கம். சாயங்காலம் தொட்டிக்குப் போவ வேண்டியது. நீங்க கேக்கறதால தர்றேன். என் மீன்பாடி வண்டியக் கண்டுபுடிச்சி குடுத்தவங்க நீங்க."

நான் சாக்கில் கையை விட்டு அந்தப் போர்டை எடுத்தேன். நடுவில் நாற்பது கால்களோடு ஒரு பெரிய கறுப்பு சிப். அதன் முதுகில் நாலு எண்கள். 8085.

"இன்னாடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் அக்கா.

"இதுதான் யக்கா என் வாழ்க்கையக் கெடுத்தது," என்றேன்.

மிகையில்லை. இந்தச் சிப் பற்றிய பரீட்சைப் பேப்பரில் மூன்று முறை ஃபெயில். ஆட்டோவில் திருவொற்றியூர் போகும் வழியெல்லாம் அக்காவுக்கு அதன் ஜாதகத்தைச் சொல்லிக்கொண்டு போனேன். எழுபத்தாறில் அமெரிக்காவில் பிறந்தது. ஒரே நேரத்தில் எட்டு பிட்டைக் கையாளும் மூளை, அதற்குள் ஆறாயிரத்து ஐந்நூறு டிரான்சிஸ்டர். இதன் அண்ணன் 8080 என்று ஒன்று இருந்தது. அண்ணனுக்கு மூன்று விதமான வோல்டேஜ் கொடுத்தால்தான் வேலை செய்வான், அவ்வளவு பவுசு. தம்பிக்கு ஐந்து வோல்ட் ஒன்றே போதும், பெயரில் இருக்கும் கடைசி ஐந்து அதுதான். கால்கள் நாற்பதுக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் எட்டுக் கம்பிகளுக்கு இரட்டை வேலை வைத்தார்கள். முதலில் அந்தக் கம்பிகளில் விலாசம் போகும். அது போய்ச் சேர்ந்ததும் அதே கம்பிகளில் சரக்கு போகும்.

"சிக்கனமான குடும்பம்," என்றார் அக்கா.

ஆனால் ராசி இல்லாத குடும்பம். அண்ணனைச் செய்த ஆட்களில் சிலரே வெளியேறிப் போட்டியாக இசட் 80 என்று ஒன்றைச் செய்தார்கள். மேஜைக் கம்ப்யூட்டர் சந்தையை அது தூக்கிக்கொண்டு போய்விட்டது. 8085க்குக் கிடைத்ததெல்லாம் லிஃப்ட், எடை மேடை, ஐஸ் ஃபாக்டரி மாதிரி யாரும் திரும்பிப் பார்க்காத உத்தியோகம். ஒரே ஒரு முறை செவ்வாய்க் கிரகத்தில் ஓடிய முதல் குட்டி வண்டிக்கு இதன் வாரிசு டிரைவராகப் போனது. மற்றபடி உலகம் கைவிட்டது, நம் சிலபஸ் கைவிடவில்லை.

அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, இவ்வளவு தெரிந்தும் எப்படி ஃபெயிலானாய் என்று கேட்டார். நான் ஆட்டோக்காரரிடம் இடது பக்கம் திருப்பச் சொன்னேன்.

என்னை மூன்று முறை ஃபெயிலாக்கிய ஃபிர்தௌஸ் மிஸ் இன்னும் அதே பாலிடெக்னிக்கில், அதே லேபில் இருந்தார். தலை மட்டும் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாப்பா தீனதயாளன். நாலாவது அட்டெம்ப்ட்டா?" என்றார். அக்கா மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.

விஷயத்தைச் சொன்னதும் மிஸ்ஸின் முகம் மாறியது. போர்டை விளக்கடியில் வைத்து, 8085க்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு சிப்பைத் தொட்டுக் காட்டினார். அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. ஜன்னல் வைத்த சிப்.

அந்தச் சிப்தான் கன்ட்ரோல் பெட்டியின் ஞாபகம். என்ன செய்ய வேண்டும் என்ற மொத்தப் புரோகிராமும் அதில் இருக்கும். ப்ராசஸர் அதைப் படித்துப் படித்து வேலை செய்யும். எழுதியதை அழிக்க வேண்டுமென்றால் அந்தக் கண்ணாடி வழியாகப் புற ஊதா வெளிச்சத்தைக் காட்ட வேண்டும். லேப் மூலையில் அதற்கென்றே ஒரு தகரப் பெட்டி இருந்தது. இடுக்கில் வெளிர் நீலமாக ஒளி கசிந்தது. அதைப் பார்க்காதே, கண் கெட்டுவிடும் என்று மிஸ் என் தலையை இந்தப் பக்கம் திருப்பினார். பெட்டிக்குள் இருபது நிமிஷம், சுத்தமாக அழிந்துவிடும். நல்ல வெயிலில் ஒரு வாரம். சாதாரண டியூப்லைட்டில் மூன்று வருஷம் ஆகும். அதனால்தான் அந்த ஜன்னல் மேல் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைப்பார்கள்.

இந்த ஜன்னலில் ஸ்டிக்கர் இல்லை. பசை ஒட்டியிருந்த கறை மட்டும் இருந்தது.

மிஸ் அந்தச் சிப்பைக் கழற்றி ஒரு கருவியில் செருகி, கம்ப்யூட்டரில் படித்தார். திரை முழுக்க எஃப் எஃப், எஃப் எஃப், எஃப் எஃப். கோலப்பொடி தூவின மாதிரி ஒரே எழுத்து. அழிந்துபோன சிப் அப்படித்தான் காட்டும்.

எனக்குக் களைப்பெல்லாம் பறந்துவிட்டது. மணியை நிறுத்தும் பட்டனை யாராவது அமுக்கினால், அமுக்கினான் என்று புரிந்துகொள்வதற்கே ஒரு புரோகிராம் வேண்டும். புரோகிராமே இல்லாத பெட்டியில் அந்தப் பட்டன் வெறும் பிளாஸ்டிக். கோதண்டம் சொன்னது பொய்.

"வக்கீல் உன்னை ஒரே கேள்வியில உட்கார வெச்சிடுவார்," என்றார் மிஸ். "ரெண்டு மாசம் காயலான் கடை வெயில்ல கிடந்த போர்டு. அங்கதான் அழிஞ்சதுன்னு சொல்வாங்க. இல்லைன்னு எப்படி நிரூபிப்பே?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோவுக்குக் கொடுத்த காசு முதல் அக்காவின் முட்டி வரை எல்லாம் வீண் என்று தோன்றியது.

மிஸ் மட்டும் போர்டை விடவில்லை. ஓரத்தில் பொட்டுக்கடலை அளவு பேட்டரி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு சின்னச் சிப்புக்குக் கம்பி போனது. ப்ராசஸர் வேலை செய்யும்போது அவ்வப்போது குறித்துக்கொள்ளும் தற்காலிக நோட்டு அது. கரண்ட் போனாலும் கடைசியாக எழுதியது அழியாமல் இருக்கத்தான் பேட்டரி. மிஸ் முதல் வேலையாக 8085ஐக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது போர்டில் இருந்தால், கரண்ட் கொடுத்ததும் தன் பாட்டுக்கு எழுத ஆரம்பித்துவிடுமாம். பிறகு அந்தச் சின்னச் சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப் ஒன்றை மாட்டிப் படித்தார்.

39 00 39 00 39 00. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அதே.

மிஸ் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூணாவது அட்டெம்ப்ட்ல உன்னைக் கவுத்த கேள்விடா இது. எஃப் எஃப் என்பது 8085க்கு என்ன கட்டளை?"

பன்னிரண்டு வருஷம் கழித்து, வியர்வை காதோரம் வழிய, எனக்குப் பதில் வந்தது. ஆர்.எஸ்.டி. ஏழு. நமக்கு எஃப் எஃப் என்றால் காலி. 8085க்குக் காலி என்று ஒன்று கிடையாது, எதைப் பார்த்தாலும் கட்டளையாகத்தான் எடுத்துக்கொள்ளும். எஃப் எஃபுக்கு அர்த்தம், திரும்பி வர வேண்டிய இடத்தை நோட்டில் குறித்துக்கொண்டு முப்பத்தெட்டாம் வாசலுக்குப் போ என்பது. போகிறது. அங்கேயும் எஃப் எஃப். உடனே, திரும்ப வேண்டிய இடம் 39 என்று குறித்துக்கொண்டு மறுபடி 38க்கே போகிறது. மறுபடி 39, மறுபடி 38. தாலுகா ஆபீஸில் எந்த ஜன்னலுக்குப் போனாலும் நாலாம் நம்பர் ஜன்னலுக்குப் போ என்பார்களே, அந்த அலைச்சல். ஒரு கண் சிமிட்டுவதற்குள் நோட்டு முழுக்க 39 00 என்று எழுதித் தள்ளிவிடும்.

"பாஸ்," என்றார் மிஸ்.

மீதியை அக்காவே பிடித்துக்கொண்டார். "அப்போ, இத எய்துறதுக்கு கரண்ட் வேணும். ஆக்சிடென்ட் அன்னிக்கு ஃபயர் சர்வீஸ்காரன் மெயினைப் புடுங்கினான். அப்பால அந்தப் பொட்டிக்கு கரண்டே குடுக்கல, அப்படியே கயட்டி எடைக்குப் போட்டானுங்க. காயலான் கடையில கரண்ட் கெடையாது. அதனால இத எய்தினது ஆக்சிடென்டுக்கு முன்னாடி. புரோகிராம் அப்பவே பூட்டுகினு கீது. சரியா மிஸ்?"

சரி என்றார் மிஸ். இன்னொன்றும் சொன்னார். புரோகிராம் செத்தாலும் வெளியே இருக்கும் எண் பலகை கடைசியாகக் காட்டியதையே காட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே ஆள் இல்லை என்று வெளியே யாருக்கும் தெரியாது.

நான் நர்மதாவைக் கூப்பிடப் போனை எடுத்தேன்.

"போனை வைடா," என்றார் அக்கா.

அவர் மிஸ்ஸின் பூதக்கண்ணாடியை வாங்கி, மேஜைமேல் இருந்த 8085இன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பொட்டு காய்ந்து போயிருந்தது. ஆயுத பூஜைக்கு லேத் மெஷின் முதல் ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் ஊர் இது. எனக்கு அதில் அதிசயம் எதுவும் தெரியவில்லை.

"கண்ணத் தொறந்து பாரு. ஓரத்துல சந்தனம் பேந்துகினு கீது. அதுக்கு அடியில இன்னா?"

"குங்குமம்."

"பொட்டு வெக்கிறவன் எவனாச்சும் குங்குமத்த வெச்சிட்டு அதும்மேல சந்தனத்த அப்புவானா?"

மாட்டான். சந்தனம் முதலில், அதன்மேல் குங்குமம். சின்ன வயசிலிருந்து பார்த்துப் பார்த்துக் கை தானாகச் செய்யும் வரிசை அது. தண்டபாணி மீனவக் குப்பத்துக்காரர். படகைத் தண்ணீரில் இறக்கும்போதெல்லாம் பூஜை போடும் வீட்டில் பிறந்தவர். அவர் கை அந்த வரிசையைத் தப்பாகச் செய்யாது. அந்த ஷிஃப்டில் இருந்தது இரண்டே பேர். இன்னொருவர் எம்.கே.பி. நகர்க்காரர், பௌத்தர். அவர் வீட்டில் இந்தப் பழக்கமே கிடையாது.

"பொட்டு வெக்கத் தெரியாதவன் வெச்ச பொட்டு," என்றார் அக்கா. "பொட்டு வெச்ச கைதான் பக்கத்துல இருந்த ஸ்டிக்கரையும் கீசியிருக்கணும்."

ஒத்துக்கொள்ளத் துடிக்கும் மனிதருக்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. நாங்கள் அவரைக் காப்பாற்ற மூன்று நாளாக அலைந்து எடுத்து வந்த சாட்சி, அவர் பக்கமே விரலை நீட்டிக்கொண்டு மேஜைமேல் கிடந்தது. எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது.

எம்.கே.பி. நகர் குடியிருப்பில் மூன்றாவது மாடி. அக்கா ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார். பீம்ராவ் புத்தர் படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயு பட்ட கண்கள் இன்னும் சிவப்பாக இருந்தன. அக்கா சுற்றி வளைக்கவில்லை. போர்டைத் தரையில் வைத்து, பொட்டைத் தொட்டுக் காட்டினார்.

பீம்ராவ் குனிந்து அதைப் பார்த்தார். "நான்தாம்மா," என்றார். "நான்தான் அவனக் கொன்னேன்."

நர்மதா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

பிறகு பீம்ராவ் சொன்னதெல்லாம் சின்ன விஷயம்தான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது தண்டபாணி. போன வருஷம் பங்காளி வீட்டுச் சாவு, அவருக்குத் தீட்டு. மெஷினைத் தொட மாட்டேன், எனக்காக நீ வைத்துவிடு என்று சிநேகிதனைக் கேட்டிருக்கிறார். பீம்ராவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தோஸ்து கேட்டதைக் குறை வைக்காமல் செய்ய வேண்டுமென்று போர்டு வரை துடைத்து, அழுக்கேறிக் கிடந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பொட்டு வைத்திருக்கிறார். விபத்துக்கு அப்புறம் பெட்டியைக் கழற்ற வந்த மெக்கானிக், இந்த ஸ்டிக்கரை எவன் கிழித்தது, இது இல்லாவிட்டால் புரோகிராம் போய்விடுமே என்று கோதண்டத்திடம் சொன்னது இவர் காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து இவர் வாயைத் திறக்கவில்லை.

கசிவு நடந்த காலை அவர்கள் இருவருக்குமே வாடை வந்திருக்கிறது. பீம்ராவ் வெளியே ஓடலாம் என்றார். தண்டபாணி கேட்கவில்லை.

"மணி அடிக்கலடா, சின்னதுதான், வால்வை மூடிட்டு வந்துட்றேன்னு உள்ள போனான். இருபத்தாறு வருஷமா அந்த மணிய நம்பினவன் அவன்."

கீழே யாரோ தண்ணி லாரிக்குக் குடம் வைத்துச் சண்டை போடும் சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் ஏதோ கணக்கு இடித்தது. ஆயுத பூஜை அக்டோபரில். விபத்து பிப்ரவரியில். இடையில் நாலு மாதம்தான். டியூப்லைட்டுக்கு மூன்று வருஷம் வேண்டும் என்று மிஸ் சொன்னாரே.

"அந்த ரூமுக்கு ஜன்னல் கீதா? வெயில் வருமா?" என்று கேட்டேன். இல்லை என்றார். டியூப்லைட் தவிர வேறு ஏதாவது விளக்கு?

"பொங்கலுக்கு அப்பால ஒண்ணு மாட்டுனாங்க. நீலமா எரியும். ஃபாரின்காரன் இன்ஸ்பெக்‌ஷன் வர்றான், கிருமி சாவணும்னு கோதண்டம் சாரு மாட்டுனது. ஆளு இல்லாத நேரமெல்லாம் எரியவுடச் சொன்னாரு. அத நேராப் பாக்கக்கூடாதுன்னாங்க."

என் முதுகு நிமிர்ந்தது. மிஸ்ஸின் தகரப் பெட்டிக்குள் எரிந்ததும் அதே வெளிச்சம்தான். கிருமியைக் கொல்லும் விளக்கு இந்தச் சிப்பின் ஞாபகத்தையும் கொல்லும். பெட்டியின் கதவு என்ன ஆனது என்று கேட்டேன். கீல் உடைந்து ஒரு வருஷமாகக் கதவே இல்லையாம். பலமுறை சொல்லியும் கோதண்டம் மாற்றவில்லை. மாதக்கணக்கில் டியூப்லைட்டில் தப்பித்த சிப்பை ஒரே மாதத்தில் அந்த நீல விளக்கு துடைத்துவிட்டது.

"அந்த லைட்டு இப்போ எங்க?"

"மெக்கானிக் வந்துட்டுப் போன மறுநாள் கயட்டிட்டாரு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மெக்கானிக் சொன்னதைக் கேட்டதும் கோதண்டத்துக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. விளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டு, பட்டன் கதையைக் கடைசி வரை பிடித்துக்கொண்டார். ஸ்டிக்கர் கதையைப் போலீஸில் சொல்லியிருந்தால் பீம்ராவ் இன்னும் வசமாக மாட்டியிருப்பார். ஆனால் அதைச் சொன்னால் விளக்கும் வெளியே வரும்.

விளக்கு இருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமே என்றேன். நர்மதா கணவரின் போனை எடுத்து, ஃபாக்டரி வாட்ஸ்அப் குரூப்பைத் தேடிக் காட்டினார். இன்ஸ்பெக்‌ஷன் அன்று கோதண்டமே போட்ட படம். ஃபாரின்காரர்களுக்கு நடுவில் மாலையோடு கோதண்டம், தலைக்கு மேலே நீல விளக்கு, முதுகுக்குப் பின்னால் கதவில்லாத கன்ட்ரோல் பெட்டி. நவீன கிருமி நீக்க வசதி என்று இரண்டு கைகூப்பும் பொம்மைகளோடு எழுதியிருந்தார். தன் வாயால் கெட்ட தவளையை நான் இவ்வளவு தெளிவான ஃபோட்டோவில் பார்த்ததில்லை.

பீம்ராவ் அதைப் பார்க்கவில்லை. "ஸ்டிக்கர் இருந்திருந்தா அந்த லைட்டு இன்னா பண்ணியிருக்கும்மா?" என்றார்.

அக்கா பொய் சொல்லவில்லை. "ஒண்ணும் பண்ணியிருக்காது. நீ கீசினது தப்புதான். தெரியாம செஞ்ச தப்பு. அவன் தெரிஞ்சி மறைச்சான். ரெண்டும் ஒண்ணு இல்ல." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பொட்டு வெக்கச் சொன்னது தண்டபாணி. கீசச் சொன்னது யாரு?"

பீம்ராவ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் இரண்டு மாதமாக ஊமையாக இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில் நர்மதாதான் அவர் கையைப் பிடித்துச் சொல்ல வைத்தார். தண்டபாணி வாசற்படியில் நின்றுகொண்டு, அந்தக் கலீஜான காயிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வை என்று சொன்னாராம்.

அதைக் கோர்ட்டில் சொன்னால், செத்தவனே தன் சாவைத் தேடிக்கொண்டான் என்று கம்பெனி எழுதிவிடும். தண்டபாணியின் பெண்ணுக்கு ஃபாக்டரியில் வேலை தருவதாகக் கோதண்டம் வாக்குக் கொடுத்திருந்தார். அது போய்விடும். தண்டபாணியின் மனைவி கோவிந்தம்மாவுக்குப் புருஷன் பெயரும் போய்விடும். அதற்கு நான் ஜெயிலுக்குப் போவதே மேல் என்றார் பீம்ராவ்.

"அத முடிவு பண்ண வேண்டியது நீ இல்ல, பீம்ராவ். எயுந்திரு," என்றார் அக்கா.

எண்ணூர்க் குப்பத்துக்குப் போய்ச் சேர மணி ஐந்தாகிவிட்டது. கோவிந்தம்மா வீட்டு வாசலில் வலையில் காயப்போட்ட நெத்திலியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். பீம்ராவைப் பார்த்ததும் அவர் கை நின்றது. பட்டன் கதையை நம்பி, பீம்ராவுக்கு எதிராகக் கோதண்டம் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். இரண்டு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

பீம்ராவ் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தீட்டு, பொட்டு, ஸ்டிக்கர், நீல விளக்கு எதையும் விடவில்லை. கிழிக்கச் சொன்னது யார் என்பதைச் சொல்லும் இடத்தில் மட்டும் தயங்கினார். அக்கா அவரைப் பார்த்தார். பீம்ராவ் அதையும் சொல்லிவிட்டார்.

கோவிந்தம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப மணி அடிக்கவே இல்லியா?"

"அடிக்கலம்மா. அடிச்சிருந்தா ஓடியாந்திருப்பான்."

அந்த அம்மாள் கூடையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து அழுதார். மணி அடித்தும் புருஷன் ஏன் ஓடிவரவில்லை, குடித்திருந்தாரா, சாக நினைத்தாரா, பக்கத்தில் இருந்த சிநேகிதன் ஏன் மணியை நிறுத்தினான் என்று இரண்டு மாதமாகத் தூங்காமல் கிடந்தாராம். அழுகைக்கு நடுவில் அதைத்தான் சொன்னார். நான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டேன். கேலி பேசுவதுதான் என் வேலை, அன்றைக்கு அது ஓடவில்லை.

பிறகு அக்கா, வேலை விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னார். நாளை மறுநாள் இவர் உண்மையைச் சொன்னால் கோதண்டம் அந்த வேலையைத் தரமாட்டார். வழக்கு இழுக்கும். உங்கள் கணவர் பெயரைப் பேப்பரில் போடுவார்கள்.

கோவிந்தம்மா முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பீம்ராவின் எதிரில் வந்து நின்றார்.

"அந்த வேலைய அவனே வெச்சிகினு போவட்டும். எம் பொண்ணு அந்த வாசல்ல கால் வெக்க மாட்டா. கோர்ட்டுக்கு நானும் வர்றேன், போட்ட கையெயுத்தத் திருப்பிக் கேக்கறேன். நீ அவுரு பேரைச் சொல்லுண்ணா. செத்தவர இஸ்துகினு போயி ஜெயில்லயா வெக்கப் போறானுங்க?"